திருப்பிச் சொல்கிறவர்

முதல் நாளே எனக்கும் கார்த்திகேசனுக்கும் சண்டை வந்திருக்க வேண்டியது.

பெங்களூர் நீலசந்திராவில் இரண்டாவது மாடியில் அவருடைய வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. அந்தத் துளையைச் சுத்தம் செய்து, குழாயைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்து மாட்டி, தூசி போகாமல் ஈரத்துணி கட்டிவிட்டு வருவது என் வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி எடுத்தவள் நான். மர்பி டவுனிலிருந்து பஸ் பிடித்து, சிவாஜிநகரில் மாறி, இந்த வயதிலும் போகிறேன். முழங்கால் ஒத்துழைக்கும் வரை போவேன்.

கார்த்திகேசனுக்குப் பேச்சு கிடையாது. கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவியைக் கொடுத்துப் பார்த்தார்களாம். கதிர்வீச்சில் தோல் கெட்டியாகிப் போனதால் அது சரிவரவில்லை. அலமாரி மேல் வைத்துவிட்டார். பிள்ளைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகை ஒன்றையும் ஒரு பேனாவையும் மடியிலேயே வைத்திருப்பார்.

“தண்ணி வேணுமா அண்ணா?” என்று கேட்டேன். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் வேலைக்குப் போகும் வீட்டில் ஆண்களை அண்ணா என்று கூப்பிடுவதுதான் எனக்குப் பழக்கம்.

அவர் எழுதினார்:

“தண்ணி வேணுமா அண்ணா?” வேணும்.

நான் கேட்டதை அப்படியே எழுதி, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு, கேள்விக்குறியையும் விடாமல் போட்டு, அதற்குப் பிறகு தன் பதில். கடைசியில் அழுத்தமாக ஒரு முற்றுப்புள்ளி. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “வலி இருக்கா?” என்றேன்.

“வலி இருக்கா?” இல்லை.

“என்ன அண்ணா, நக்கலா?”

“என்ன அண்ணா, நக்கலா?” இல்லை.

நான் பார்க்காத நோயாளி இல்லை. தட்டை எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கையைக் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது புது விதம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது, கீழ்வீட்டு ரோஸி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்களயும் காப்பி அடிக்கறாரா?” என்று சிரித்தாள். “எங்கிட்டயும் அப்படித்தான். ‘குழம்பு ஊத்தவா’ன்னு கேட்டா, எழுதி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். மனுஷன் நல்லவருதான், விடுங்க சிஸ்டர்.”

நல்லவரா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால் தினமும் போகிற இடம். அதனால் மறுநாள் நேராகவே கேட்டேன். ஏன் இப்படி எழுதுகிறீர்கள்? அவர் என் கேள்வியை எழுதி முடித்த பிறகு, பலகையை நாலைந்து முறை துடைத்துத் துடைத்துப் பதில் எழுதினார். அது இதுதான்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் அவர் பூமிக்கு அடியில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு வந்து நிற்கும் இடத்தில் வேலை பார்த்தார். பக்கத்தில் ஒரு டெலிபோன். மேலிருந்து உத்தரவு வந்தால் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மேலே இருப்பவர் கேட்டுச் சரி என்ற பிறகுதான் கூண்டின் மேல் கை வைக்கலாம். வெறுமனே ‘ஆச்சு’ என்று பதில் சொல்கிறவனை அந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வரி எழுதினார்: ஆமான்னு மட்டும் சொல்றவன் காதுல விழுந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும், சிஸ்டர்.

எனக்குப் புரிந்தது. மருந்து கொடுக்கும்போது நாங்களும் டாக்டர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்வோம். அதற்குப் பிறகு அவர் எழுதி முடிக்கும் வரை நின்றேன். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சுரங்கம் மூடியபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வருவார், ராத்திரி ரயிலில் திரும்புவார். அப்படியே பல வருஷம். பிறகுதான் மனைவி தமயந்தியையும் மகள் பார்கவியையும் கூட்டிக்கொண்டு நீலசந்திராவுக்கு வந்தார். கிடைத்தது ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை. ஏறுகிறவர் ‘நாலு’ என்றால் இவரும் ‘நாலு’ என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். சிலர் சிரித்தார்கள். சிலருக்கு எரிச்சல். மேனேஜர் கூப்பிட்டு, இதெல்லாம் வேண்டாம் என்றார். அன்றிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அழுத்தினாராம். சுரங்க நாளில் பழகிய பீடியை அப்போதும் விடவில்லை.

தமயந்தி இருந்தவரை வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அவள் போனாள். அடுத்த வருஷமே இவருக்குத் தொண்டை. பார்கவி கல்யாணமாகி பேகூர் பக்கம் இருந்தாள். கணவன் உமேஷும் அவளும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வேலை. ஆபரேஷனுக்கு அலைந்தது, செலவு பார்த்தது, என்னை ஏற்பாடு செய்தது எல்லாம் அவள்தான். ஆனால் நான் வேலையில் சேர்ந்து மாதங்கள் போயும் அவளை அந்த வீட்டில் பார்க்கவில்லை. என்னோடு போனில் பேசுவாள், குழாய் சரியாக இருக்கிறதா, சாப்பிடுகிறாரா என்று கேட்பாள். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லச் சொல்ல மாட்டாள்.

பேச்சில்லாத மனிதன் தனியாக இருப்பது எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தள்ளுவண்டிக்காரன் கீழே கூவிக்கொண்டு போவான். இவரால் மாடியிலிருந்து நில் என்று சொல்ல முடியாது. இறங்கிப் போவதற்குள் வண்டி தெரு திரும்பிவிடும். போன் அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எதிர்முனையில் இருப்பவர் ஹலோ ஹலோ என்றுவிட்டு வைத்துவிடுவார். அவசரமானால் பால்கனிக் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார், ரோஸி தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அவள் வீட்டில் டிவி ஓடினால் அதுவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவரே போனை என் கையில் கொடுத்தார். மகளுக்கும் அவருக்கும் நடந்த செய்திகள். படி என்று சைகை காட்டினார்.

அவள் எழுதியிருந்தாள்: வேலை ஜாஸ்திப்பா. இந்த வாரம் வர முடியல. மன்னிச்சுக்கோங்க.

அதற்கு அவர் பதில்:

“வேலை ஜாஸ்திப்பா.” சரி. “இந்த வாரம் வர முடியல.” சரி. “மன்னிச்சுக்கோங்க.” சரி.

அவள்: கிண்டல் பண்றீங்களாப்பா?

அவர்: “கிண்டல் பண்றீங்களாப்பா?” இல்லை.

அதோடு நின்றது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இவர் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். அவள் படித்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் இல்லை.

இதில் என்ன தப்பு, என்று பலகையில் எழுதி என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணா, அவ சொன்னத ஒவ்வொண்ணா பிச்சு, ரெண்டு பக்கமும் குறி போட்டு, அவகிட்டயே நீட்டறீங்க. படிக்கறவளுக்கு எப்படி இருக்கும்? சாட்சிக் கூண்டுல நிக்க வெச்சு, ‘நீ இப்படிச் சொன்னியா இல்லியா’ன்னு கேட்ட மாதிரி இருக்கும்.”

அவர் என் பேச்சை எழுதவில்லை. நேராகப் பதில் எழுதினார். அது அபூர்வம்.

குறி போடலேன்னா அது என் வார்த்தை ஆயிடும். அவ வார்த்தையை நான் எப்படி எடுத்துக்குவேன்.

நான் குழாயைக் கழுவப் போனேன்.

சில வாரங்கள் கழித்துப் பார்கவியிடமிருந்து செய்தி வந்தது. நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் போனை நீட்டினார்.

அப்பா, நெதர்லாந்து விசா வந்துடுச்சு. உமேஷ் முன்னாடியே போயிட்டார். ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட். அதுக்கு முன்னாடி வந்து பாத்துட்டுப் போகவா? உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்.

அவர் பதில் அடித்துத் தயாராக வைத்திருந்தார். ஐந்து வாக்கியம், ஐந்து ஜோடி மேற்கோள் குறி, ஐந்து பதில். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பட்டுமா என்று என்னைப் பார்த்தார்.

“இத அனுப்புனா வரமாட்டா,” என்றேன். “போற பொண்ணு. இனிமே எப்ப வருவாளோ. வான்னு ஒரே வார்த்த. அவ்வளவுதான் எழுதணும்.”

மறுத்துத் தலையாட்டினார். பிறகு முழுவதையும் அழித்தார். ‘வா’ என்று அடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வாங்காமல் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது என்று பலகையில் எழுதிக் காட்டினார். அப்படியானால் ‘ம்மா’ சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்தார். வாம்மா. அனுப்பினார்.

நான் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பார்கவி.

“சிஸ்டர், அப்பா போன் உங்க கையில இருக்கா?”

“இல்லம்மா, அவர்கிட்டதான்.”

“இப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. நீங்க அடிச்சதா?”

“அவர்தான் அடிச்சாரு.”

“அவரு அப்படி எழுத மாட்டாரு.”

“வேற எப்படி எழுதுவாரு?”

“நான் சொன்னது முழுக்க எழுதி, கொட்டேஷன் போட்டுக் குத்திக் காட்டிட்டு, அப்புறம்தான் பதில் வரும். இது வேற யாரோ எழுதுனது. பாவம் பாத்து நீங்க கூப்பிட்டா நான் வரமாட்டேன் சிஸ்டர். அவரு கூப்பிட்டா வர்றேன்.”

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். “இங்க பாரும்மா. எழுதுனது அவரு. அப்படி எழுதச் சொன்னது நானு. குத்திக் காட்டறாருன்னு நீ நெனைக்கறியே, அது குத்தறது இல்ல. சுரங்கத்துல ஆர்டர் வந்தா திருப்பிச் சொல்லணும். அந்தப் பழக்கம்.”

“சுரங்கம் மூடுனப்ப எனக்குப் பத்து வயசு. எனக்கு என்ன தெரியும்.”

“வீட்டுல அப்படிப் பேச மாட்டாரா?”

அந்தப் பக்கம் ஆபீஸ் போலிருக்கிறது, யாரோ சிரிப்பது கேட்டது.

“பேசுவாரு,” என்றாள். “வேலை கெடைச்சுடுச்சுப்பான்னு போன் பண்ணேன். ‘வேலை கெடைச்சுடுச்சு’ன்னாரு. அவரு சிரிக்கறது எனக்குக் கேட்டுச்சு. அம்மா போயிட்டாங்கன்னு ஆஸ்பத்திரிலேருந்து நான்தான் சொன்னேன். அப்பவும் அதையேதான் சொன்னாரு. ‘அம்மா போயிட்டாங்க.’ நான் சொன்ன மாதிரியே. ரெண்டு தடவ. அது வேற சிஸ்டர். அதுல குரல் இருந்துச்சு. எழுத்துல அவரு மொகமும் இல்ல, குரலும் இல்ல, அந்தக் குறி மட்டும் நிக்குது.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

என் யோசனை பலிக்கவில்லை. வெளியே வந்து, “உங்க வழியிலேயே எழுதுங்க அண்ணா. உங்க எழுத்து இல்லன்னு சொல்றா,” என்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து அடித்தார்.

“அப்பா, நெதர்லாந்து விசா வந்துடுச்சு.” நல்லது. “உமேஷ் முன்னாடியே போயிட்டார்.” சரி. “ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட்.” சரி. “அதுக்கு முன்னாடி வந்து பாத்துட்டுப் போகவா?” வா. “உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்.” இஷ்டம்.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் போகும்போதெல்லாம் போன் அதே இடத்தில் கவிழ்ந்தே கிடந்தது. அவருக்குச் சளி அதிகமாகி இருமல் கழுத்து வழியாகத் தெறித்தது. ஆவி பிடிக்க வைத்தேன்.

சனிக்கிழமை, குழாயைக் கொதிநீரில் போட்டிருந்த நேரம், கீழே ரோஸியின் குரல் கேட்டது.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா மகாராணிக்கு?”

“போங்கக்கா, சில்க் போர்டு சிக்னல்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு வர்றேன். மேல இருக்காரா?”

“இல்ல, லண்டன் போயிருக்காரு. ஏறிப் போடி.”

பார்கவி வந்து வாசலில் நின்றாள். கையில் மாதுளம்பழப் பை. அப்பாவின் சாயல், அதே நீள மூக்கு. அவர் எழுந்து நின்றார். பலகை மடியிலிருந்து விழுந்தது.

“மீசைய ஏன்பா எடுத்தீங்க? யாரோன்னு பயந்துட்டேன்.”

அவர் குனிந்து பலகையை எடுப்பதற்கு முன்பே உதடு அசைந்தது. மீசைய ஏன்பா எடுத்தீங்க. சத்தம் இல்லை, காற்றும் வாய் வழியாக வராது, உதடு மட்டும். அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நான் சமையலறையிலேயே இருந்தேன். எனக்குக் கேட்டது அவளுடைய பாதி மட்டும்தான். அவள் ஏதாவது சொல்வாள். பிறகு பேனா பலகையில் கீச்சிடும். மறுபடி அவள். “குளிர் பயங்கரமாம்பா.” கீச். “சமையல்லாம் உமேஷ்தான்.” கீச். “எழுத வேணாம்பா, சும்மா சொல்லுங்க, நான் உதட்டப் பாத்துக்கறேன்.” அதற்குப் பிறகு பேனா சத்தம் நின்றது. அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே, அவர் திருப்பிச் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடைவெளி.

அரை மணி நேரத்தில் டாக்சிக்காரன் கீழிருந்து ஹாரன் அடித்தான். அவள் என்னிடம் வந்து குழாய்க்கு மாற்று எங்கே வாங்குவது, அடுத்த பரிசோதனைக்கு யார் கூட்டிப் போவது என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். படியிறங்கும்போது அழவில்லை. அவரும் அழவில்லை. பால்கனியில் நின்று கார் திரும்பும் வரை பார்த்தார். மாதுளம்பழத்தை அவரால் விழுங்க முடியாது. சாறு பிழிந்து கொடுத்தேன்.

போன பிறகு அவள் எழுதவில்லை. எழுத்து வேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். நல்ல எண்ணம்தான். ஆனால் பதிலுக்கு அனுப்ப இவரிடம் குரல் இல்லை.

அதனால் அவர் அதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஒரு மத்தியானம். போனைக் காதில் வைப்பார், நிறுத்துவார், நாலு வார்த்தை அடிப்பார், மறுபடி கேட்பார். அவள் மூச்சு விட்ட இடத்தில் காற்புள்ளி, பேச்சு இறங்கின இடத்தில் முற்றுப்புள்ளி, சிரித்த இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒன்றும் போடாதீர்கள் என்றேன். மேற்கோள் குறிக்குள் எல்லாவற்றையும் அடைத்து, கடைசியில் சரி என்று சேர்த்து அனுப்புவார். அவள் ஓர் இதயப் படம் அனுப்புவாள். முதலில் வாரத்துக்கு ஒரு பதிவு வந்தது. பிறகு அதுவும் தள்ளித் தள்ளிப் போயிற்று. அங்கே அவளுக்கு வேலை, வீடு, குளிர் எல்லாம் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை.

போன வாரம் ஒரு பதிவு வந்தது. தெருவில் நடந்துகொண்டே பேசியிருக்கிறாள், காற்று இரைகிறது. வீடு மாறியதைச் சொல்கிறாள், மழையைச் சொல்கிறாள். கடைசியில், அடுத்த வருஷம் லீவுல வர்றேன்பா, என்கிறாள். அங்கே பதிவு முடிகிறது.

கார்த்திகேசன் முழுவதையும் எழுதிவிட்டார். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு மட்டும் முற்றுப்புள்ளி வைக்கவில்லை, மேற்கோளையும் மூடவில்லை. போனை என் காதில் வைத்தார். பலகையில் எழுதினார்:

முடிச்சுட்டாளா, இன்னும் ஏதாவது சொல்ல வந்தாளா.

இரண்டு தரம் கேட்டேன். வர்றேன்பா என்ற இடத்தில் குரல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ‘வந்தாலும் வரலாம், பார்க்கலாம்’ என்று சொல்ல வந்து, கை பட்டுப் பதிவு நின்றிருக்கலாம். நிச்சயமாகவே சொல்லியிருக்கலாம்.

“தெரியல அண்ணா. காத்து ஜாஸ்தி. அவகிட்டயே கேளுங்க.”

வேண்டாம் என்று தலையாட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவாள், அது எனக்கும் தெரியும்.

துணியை மாற்றிக் கட்டினேன். ராத்திரிக்குக் கஞ்சியை மூடி வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது மேலே மறுபடியும் அந்தப் பெண்ணின் குரல் ஆரம்பத்திலிருந்து கேட்டது. காற்று, மழை, வீடு மாறியது. நான் சிவாஜிநகர் பஸ்ஸுக்கு நடந்தேன்.